கையில் படுத்தது

வின்னிபெக்கில் மூன்று பத்து.
பிராம்டனில் நான்கு பத்து.
நடுவே ஒரு மணி நேரமும்
இரண்டாயிரம் கிலோமீட்டர் பனியும்.

என் இடது மேற்கையில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொத்தான்
ஐந்து நிமிடத்துக்கொருதரம் தோலுக்கடியில் எட்டிப் பார்த்து
என் கைபேசிக்குச் சொல்லும்.
கைபேசி மேகத்துக்கு.
மேகம் அப்பாவுக்கு.

இப்போது சொன்னது: 3.0.
பக்கத்தில் ஓர் அம்பு, தலைகீழாக.

அலறல் ஓயுமுன் அழைப்பு.
"அபிரா, ஜூஸ் குடிச்சனியே?"
பல் துலக்காத, வேலைக்குக் கிளம்பும் குரல்.
பின்னால் கேத்தில் கொதிக்கிறது.

எனக்கு நடுக்கமில்லை.
வியர்வையில்லை.
தாழ்வு வருவதைப் பத்து வருடமாக
அதன் செருப்புச் சத்தத்திலேயே அறிவேன்,
இது அதுவல்ல.
விரலைக் குத்தினேன்.
6.1.

பொத்தானைக் குறை சொல்ல முடியாது, பாவம்.
நசுங்கிய இடத்தில் நீர் ஊறாது.
ஊறாததை ஊறவில்லை என்றது.

"கையில படுத்திட்டியோ பிள்ளை?"
கையேட்டை என்னைவிட இரண்டுதரம் கூடப் படித்தவர்.

"ஓம் அப்பா. கையில படுத்ததுதான்."

தமிழ் நல்ல மொழி.
எழுவாய் இல்லாமலும் வாக்கியம் நிற்கும்.

என் கையில் தலை வைத்திருந்த ஜோயல்
கண் திறக்காமல் கேட்டான், போனில் யாரென்று.
"பிராம்டன்," என்றேன்.

*

கருவிகளோடு எனக்கு வேறு வழக்குகளும் உண்டு.
செயலியின் உணவுப் பட்டியலில்
பதினேழு வகை பேகல் இருக்கிறது, பிட்டு இல்லை.
முதல் வருடம் கூஸ்கூஸ் என்று பொய்க்கணக்குக் கொடுத்து
பொழுதுபடும்வரை பதினாறில் நின்றேன்,
வாய் பாலைவனம், கண்ணில் மணல்.
பிறகு தராசு வாங்கி, நிறுத்து, நானே பதிந்தேன்:
பிட்டு, ஒரு குழல், நாற்பத்தெட்டு கிராம் மாச்சத்து.

மைனஸ் முப்பத்தொன்றில் பஸ்ஸுக்கு நிற்கையில்
பம்பை வயிற்றோடு அணைத்துக்கொள்வேன்.
இன்சுலின் உறைந்தால் பிறகு எதற்கும் ஆகாது.
குளிரில் கைபேசி செத்துப்போன நாட்களில்
பெம்பினா வீதி நெடுக
நான் எண்ணில்லாத ஒருத்தி.
அது பயம்தான்.
கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

*

அன்று விடிந்ததும் பகிர்வை நிறுத்தினேன்.
செயலி மறுபடி கேட்டது: நிச்சயமா?
ஜோயல் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.
நிச்சயம் என்பதை அழுத்த
முட்டை கருகும் நேரமானது.

எட்டு மணிக்கு அப்பா எழுதினார்:
கோட்டைக் காணேல்ல.

நிறுத்திட்டன் அப்பா. காலமை காலமை நானே எழுதிறன்.

மூன்று புள்ளிகள் துள்ளின, அடங்கின,
திரும்பத் துள்ளின.
இவ்வளவு நேரம் எழுதியவர்
அனுப்பியது ஒரு சொல்: சரி.

மறுநாள் 5.8 அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.
அதற்கடுத்த நாள் 9.3. அதற்கும் கட்டைவிரல்,
ஆனால் பத்து நிமிடம் கழித்து.
நாலாம் நாள் 7.2.
அவரிடமிருந்து: 11.4

என்னுடையதைத் தப்பாக வாசித்துவிட்டார் என்று நினைத்தேன்.
கண்ணாடியைப் போடுங்கோ என்றுகூட எழுதத் தொடங்கிவிட்டேன்.
பிறகுதான் உறைத்தது.
மூன்று வருடமாக லாச்சிக்குள்
பெட்டி உடைக்காமல் கிடந்த மீட்டர்.
'எனக்கு இருக்கிறது லேசான சீனி,
பிள்ளைக்குத்தான் வருத்தம்' என்று
கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு
லட்டு எடுத்தவர்.

அழைத்தேன்.
பின்னால் கேத்தில்.

"அப்பா, தேத்தண்ணிக்குச் சீனி போட்டனீங்களோ?"

கேத்தில் கொதித்துத் தானாக நின்றது.

"போட்டதுதான்," என்றார்,
எழுவாய் இல்லாமல்,
எத்தனை கரண்டி என்றும் இல்லாமல்.